கிறிஸ்துமஸ் அலங்காரத்த கையால செய்யப் போறீங்களா? பேப்பரா, மாவா, துணியான்னு முடிவு பண்ண ஒரு ஒப்பீடு

டிசம்பர் பொறந்தாலே கை பரபரங்கும், ஏதாவது செஞ்சு மரத்துல தொங்க விடணும்னு. உடனே நாம பண்றது என்னன்னா ஒரு அழகான போட்டோவ பாத்துட்டு அதுல இருக்கிற சாமான் எல்லாத்தையும் வாங்கிட்டு வந்து உக்காந்துடறது. நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் பண்ணேன், பாதி வேலை பாதியிலயே நின்னு போச்சு, முடிச்சதுல பாதி அடுத்த வருஷம் பெட்டிய தொறந்தப்ப உருப்படியா இல்ல. இப்பல்லாம் எந்த பொருளையும் தொடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கறேன். இது இந்த ஒரு சீசனுக்கு போதுமா, இல்ல வருஷா வருஷம் எடுத்து மாட்டணுமா? இதுக்கு பதில் தெரிஞ்சுட்டா பேப்பரா, மாவா, க்ளேவா, துணியாங்கிறது முக்கால்வாசி தானா முடிவாயிடும். மிச்சம் கால்வாசி, கூட உக்காந்து செய்யப்போறது யாரு, கையில எத்தனை நாள் இருக்குங்கிறது.

பேப்பர்ல இருந்து ஆரம்பிக்கறேன், ஏன்னா நான் யார் கேட்டாலும் முதல்ல கைகாட்டறது அதைத்தான். கத்தரிக்கோல், ஸ்கேல், பசை, அவ்ளோதான். தப்பா வெட்டிட்டா இன்னொரு தாள் எடுத்துக்கலாம், காயற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், ஒரு சாயங்காலத்துல ஒரு மரம் முழுக்க தொங்க விடற அளவுக்கு செஞ்சுடலாம். ஆனா பேப்பர்னு பொதுவா சொன்னா போதாது, தடிமன்தான் எல்லாம். சாதாரண பிரிண்ட் எடுக்கிற தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம்ங்கிற கணக்கு), அது மடிச்சு வெட்டற பனித்துளி டிசைனுக்கு நல்லா இருக்கும், ஏன்னா ஆறு மடிப்பு சேர்ந்தாலும் கத்தரி உள்ள போகும். அதே தாள்ல முப்பரிமாண ஸ்டார் பண்ணா ரெண்டு நாள்ல தொய்ஞ்சு போய் தொங்கும். அதுக்கு 120ல இருந்து 160 ஜிஎஸ்எம் வேணும். 200க்கு மேல போனா கார்டு மாதிரி ஆயிடும், மடிக்கிற எடத்துல வெடிச்சு வெள்ளைக்கோடு தெரியும், மை தீந்த பேனா முனையால முதல்ல ஒரு கோடு அழுத்தி போட்டுட்டு அப்புறம் மடிச்சாதான் சுத்தமா வரும். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பனித்துளி வெட்டும்போது நிறைய பேர் தாள நாலா எட்டா மடிக்கறாங்க, அது சுலபம்தான், ஆனா நிஜ பனித்துளிக்கு ஆறு கைதான், ஐஸ் படிகம் உருவாகற விதமே அறுகோணம். ஆறா மடிக்க கத்துக்க அஞ்சு நிமிஷம் கூட ஆகாது, பாக்கறதுக்கு வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும்.

பேப்பர்லயே எனக்கு ரொம்ப புடிச்சது ஃப்ரோபெல் ஸ்டார். நாலே நாலு பட்டை, பசையே கிடையாது, ஒண்ணுக்குள்ள ஒண்ணா பின்னி பின்னி 16 முனை வரும். கிண்டர்கார்டன ஆரம்பிச்ச ஜெர்மானியர் ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் பேர்லதான் இந்த ஸ்டார் இருக்கு, குழந்தைகள் தாள் மடிச்சு கத்துக்கணும்னு சொன்னவர். பட்டையோட நீளம் அகலத்த விட 25, 30 மடங்காவது இருக்கணும், அதாவது ரெண்டு செண்டிமீட்டர் அகலம்னா 60 செண்டிமீட்டர் நீளம், நீளம் குறைஞ்சா கடைசி முனைகள மடிக்க தாள் பத்தாது, அங்கதான் எல்லாரும் கைவிடறாங்க. முதல் ஸ்டாருக்கு அரைமணி நேரம் ஆகும், பத்தாவது ஸ்டார் ஏழெட்டு நிமிஷத்துல வந்துடும். இதைவிட பெருசா வேணும்னா மொரேவியன் ஸ்டார், 1830கள்ல ஜெர்மனியில நீஸ்கிங்கிற ஊர்ல மொரேவியன் சபைங்கிற கிறிஸ்தவ சபை நடத்தின பள்ளிக்கூடத்துல வடிவியல் பாடத்துக்காக செய்ய ஆரம்பிச்சது. அடிப்பக்கம் சதுரமா இருக்கிற கூம்பு 17, முக்கோணமா இருக்கிற கூம்பு 8, மொத்தம் 25 முனை. உள்ள எல்இடி பல்பு வெச்சு தொங்க விட்டா ராத்திரி பாக்க கண்ணு நிறைஞ்சுடும். ஆனா ஒரு முழு ஞாயித்துக்கிழமை போயிடும், ஒவ்வொரு கூம்பும் ஒரே அளவுல இல்லேன்னா கடைசி கூம்பு உக்காராது, பொறுமையும் ஸ்கேலும் இருக்கிறவங்க மட்டும் இறங்குங்க.

பேப்பர்னா ஒரு வருஷம்தான்னு நானும் நினைச்சிருந்தேன். டென்மார்க்ல ரெண்டு கலர் தாள பின்னி இதயம் மாதிரி சின்ன கூடை செய்வாங்க, அதுல ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860ல தன் கையால செஞ்ச ஒண்ணு இன்னைக்கும் பத்திரமா இருக்கு, ஆமா, கதை எழுதின அதே ஆண்டர்சன்தான். 160 வருஷத்துக்கு மேல ஒரு தாள் நிக்குதுன்னா குறை தாள்ல இல்ல, நாம அத கேரிபேக்ல திணிச்சு பரண்ல போடறோமே அதுலதான். தட்டையா மடங்கற டிசைனா இருந்தா ஒரு பழைய நோட்டுக்குள்ள வெச்சுடுங்க, அடுத்த வருஷம் புதுசு மாதிரி வரும். மடங்காத ஸ்டார்னா அட்டைப்பெட்டி, மேல எதுவும் ஏத்தக்கூடாது. வெயில் படற ஜன்னல்ல மாட்டினா மட்டும் கலர் வெளுக்கறத தடுக்க முடியாது, அங்க வெள்ளை தாள்தான் புத்திசாலித்தனம்.

அடுத்து உப்பு மாவு. இதப்பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லணும், ஏன்னா நிறைய பேர் ஆசையா ஆரம்பிச்சு ஏமாந்து போறது இதுலதான். ரெண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஒரு கப் தண்ணி, தண்ணிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா விட்டு பத்து நிமிஷம் நல்லா அடிச்சு பிசையணும். அரை செண்டிமீட்டர் கனத்துக்கு தேச்சு, அச்சால வெட்டி, ஸ்ட்ராவால மேல ஒரு ஓட்டை போட்டு, ஓவன்ல 100ல இருந்து 120 டிகிரியில ரெண்டு மூணு மணி நேரம், நடுவுல ஒருதடவ திருப்பி போட்டு. சீக்கிரம் முடியட்டும்னு சூட்ட ஏத்தினா உப்பி பொரி மாதிரி ஆயிடும், ஓரம் செவந்துடும். ஓவன் இல்லேன்னா வெளியிலயே காய வைக்கலாம், ஆனா நாலஞ்சு நாள் ஆகும், தினமும் திருப்பணும். செலவுன்னு பாத்தா ஒண்ணுமே இல்ல, குழந்தைங்களுக்கு கை நிறைய வேலை, பிசையறதும் அச்சு வெட்டறதும் அவ்ளோ சந்தோஷம்.

பிரச்சனை என்னன்னா உப்பு. உப்பு காத்துல இருக்கிற ஈரத்த இழுத்துக்கிட்டே இருக்கும், அதுனால ஈரப்பதம் அதிகமா இருக்கிற எடத்துல நீங்க கல்லு மாதிரி காய வெச்சது கூட ரெண்டு மாசத்துல நமத்துப் போகும். என் பொண்ணோட கை அச்சு, அவளுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது எடுத்தது, முன்பக்கம் மட்டும் வார்னிஷ் அடிச்சு பின்பக்கம் யாரு பாக்கப்போறாங்கன்னு விட்டுட்டேன். அடுத்த டிசம்பர்ல எடுத்தா பின்னாடி மெத்துன்னு இருக்கு, சுண்டுவிரல் தனியா கையில வந்துடுச்சு. அன்னைக்கு ரொம்ப நேரம் அத கையில வெச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன், அந்த அளவு கை திரும்ப வராதுல்ல. அதுனால சொல்றேன், உப்பு மாவுல செஞ்சா முழுசா காஞ்ச பிறகு முன்பக்கம், பின்பக்கம், ஓரம், அந்த ஓட்டைக்குள்ள கூட விடாம வார்னிஷ் ரெண்டு கோட்டிங் அடிங்க. உள்ள ஈரம் இருக்கும்போது அடிச்சா ஈரம் உள்ளயே மாட்டிக்கிட்டு பூசணம் வரும், அதுவும் ஜாக்கிரதை. இன்னொன்னு, வீட்ல நாய் இருந்தா இத மரத்தோட கீழ் கிளையில தொங்க விடவே விடாதீங்க, அதுல இருக்கிற உப்பு அளவு நாய்க்கு விஷம் மாதிரி, ஒண்ணு ரெண்டு தின்னாலே டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடணும்.

இதுக்கு மாத்தா சமையல் சோடா க்ளே இருக்கு, என் ஓட்டு அதுக்குத்தான். ரெண்டு கப் சமையல் சோடா, ஒரு கப் கார்ன்ஃப்ளோர், ஒன்னேகால் கப் தண்ணி, எல்லாத்தையும் கட்டியில்லாம கரைச்சு சின்ன தீயில கிண்டிக்கிட்டே இருந்தா திடீர்னு கெட்டியாகி மசிச்ச உருளைக்கிழங்கு மாதிரி திரண்டு வரும், அந்த நேரத்துல இறக்கிடணும், இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டா உதிரும். ஈரத்துணி போட்டு மூடி ஆற வெச்சு அப்புறம் தேய்ங்க. உப்பு மாவு பழுப்பா சொரசொரன்னு இருக்கும், இது பெயிண்ட் அடிக்காமலே வெள்ளைவெளேர்னு வழவழன்னு வரும், ஒரு இலையையோ லேஸ் துணியையோ மேல அழுத்தினா நரம்பு நரம்பா அச்சு விழும். ஓவன் வேண்டாம், ஒண்ணு ரெண்டு நாள் காத்துல காஞ்சா போதும். குறை என்னன்னா கீழ விழுந்தா பட்டுனு உடையும், மெல்லிசா தேச்சா ஓரம் வளையும், அதுனால காயும்போது ஒரு வலைத்தட்டு மேல வைங்க, ரெண்டு பக்கமும் காத்து படணும். அப்புறம் இதுவும் சோடாதான், நாய்க்கு எட்டாம வைக்கணும்.

கடையில வாங்கற க்ளேல ரெண்டு வகை, இதுல குழப்பிக்கிட்டு தப்பானத வாங்கிட்டு வரவங்க நிறைய. தானா காயறது ஒண்ணு, பாலிமர் க்ளே இன்னொண்ணு. தானா காயறதுக்கு சூடு வேண்டாம், ஒண்ணுல இருந்து மூணு நாள் ஆகும், ஆனா தண்ணி வத்தும்போது சுருங்கும், மெல்லிசான கை கால் வெச்ச உருவம்னா ஒட்டின எடத்துல விரிசல் விடும், குடில் பொம்மை செய்யறவங்களுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும். அதே க்ளேய தண்ணியில கொழச்சு விரிசல்ல பூசி தேச்சு விட்டா மறையும். பாலிமர் க்ளே அப்படி இல்ல, அது மண்ணே இல்ல, பிவிசி பிளாஸ்டிக், வெளிய வெச்சா காயவே காயாது, ஏறக்குறைய 130 டிகிரியில பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ஓவன்ல வைக்கணும். சூடு அதிகமாகி கருகிச்சுன்னா வர்ற புகை நல்லது இல்ல, உடனே ஓவன நிறுத்திட்டு ஜன்னல தொறந்து விட்டு எல்லாரும் வெளிய வந்துடணும். அதுக்கு எடுத்த தட்டு, உருளை எதையும் மறுபடி சமையலுக்கு எடுக்கக்கூடாது. ஆனா சரியா சுட்டா வருஷக்கணக்குல அப்படியே இருக்கும், கலர் மங்காது, நமக்காது. சின்ன சின்ன நுணுக்கமான வேலை கைவரும்னா, பல வருஷம் வேணும்னா பாலிமர். அஞ்சு வயசு குழந்தையோட உக்காரப் போறீங்கன்னா வேண்டாம்.

துணி, உல்லன் பக்கம் வருவோம். என்னோட பெட்டியில இன்னைக்கும் முழுசா இருக்கிறது எதுன்னு பாத்தா பாதிக்கு மேல ஃபெல்ட்தான், அதாவது நெய்யாம இழைய அழுத்தி செஞ்ச தடிச்ச துணி. ஃபெல்ட் வெட்டினா நூல் பிரியாது, ஓரம் மடிச்சு தைக்க வேண்டாம், ரெண்டு ஒரே மாதிரி துண்டு வெட்டி நடுவுல கொஞ்சம் பஞ்சு வெச்சு ஓரத்துல சுத்தி ஒரு ப்ளாங்கெட் தையல் (ஓரத்த வளையமா கோத்து தைக்கறது) போட்டா ஆச்சு. தையல் தெரியாதவங்க கூட ஒரு மணி நேரத்துல கத்துக்கலாம், கோணல் மாணலா வந்தாலும் அதுவே அழகா இருக்கும். கீழ விழுந்தா உடையாது, குழந்தை வாயில வெச்சு சப்பினாலும் கண்ணாடி துண்டு இல்ல, பூனை தட்டி விளையாடினாலும் போய் எடுத்துட்டு வந்து திரும்ப மாட்டலாம். மூணு வயசுக்கு கீழ குழந்தை இருந்தா மட்டும் பட்டன், மணி, ஜிகினா எதுவும் வேண்டாம், கண்ணு மூக்கு எல்லாம் நூலாலேயே போட்டுடுங்க, பிச்சு முழுங்கினா தொண்டையில அடைக்கும். ஒரு உருப்படிக்கு முக்கா மணி நேரம் ஆகுங்கிறதுதான் ஒரே கஷ்டம், ஒரே வருஷத்துல மரம் முழுக்க நிரப்பணும்னு நினைச்சா முடியாது. வருஷத்துக்கு நாலு அஞ்சுன்னு செஞ்சுட்டே வாங்க, பத்து வருஷத்துல மரம் நிறைஞ்சுடும். கம்பளி ஃபெல்ட்னா பூச்சி அரிக்கும், வைக்கும்போது மூடி டைட்டா இருக்கிற டப்பாவுல வைங்க, பாலியஸ்டர் ஃபெல்ட்னா அந்த கவலை இல்ல ஆனா சீக்கிரம் திரி திரியா எழும்பும்.

க்ரோஷா, அதாவது கொக்கி ஊசியால பின்றது, தெரிஞ்சவங்க பருத்தி நூல்ல பனித்துளி போடறாங்க, அது ரொம்ப நேர்த்தியா இருக்கும், ஆனா போட்டு முடிச்சா தொளதொளன்னு தொங்கும், வெறைப்பா ஆக்கணும். சர்க்கரை பாகுல முக்கற பழைய முறை ஒண்ணு இருக்கு, எறும்பு வரும், வேண்டாம். வெள்ளை பசையும் தண்ணியும் சம அளவு கலந்து அதுல முக்கி பிழிஞ்சு, தெர்மாகோல் மேல ப்ளாஸ்டிக் தாள் விரிச்சு ஒவ்வொரு முனையையும் குண்டூசியால இழுத்து குத்தி ஒரு நாள் விட்டா கம்பி மாதிரி நிக்கும். துருப்பிடிக்காத ஊசியா பாத்து குத்துங்க, வெள்ளை நூல்ல துருக்கறை பட்டா போகாது. பின்ன தெரியாதவங்களுக்கு உல்லன்ல பாம்பாம் உருண்டை, முட்கரண்டியில சுத்தி நடுவுல கட்டி வெட்டினா ரெண்டு நிமிஷத்துல ஒண்ணு, நாலு வயசு குழந்தை கூட சுத்தும். வரிசையா கோத்து மாலையா போட்டா அறையே நிறைஞ்சு தெரியும்.

வாசனைக்காக செய்யறது தனி. ஆரஞ்ச அரை செண்டிமீட்டர் வட்டமா வெட்டி 90, 100 டிகிரி ஓவன்ல மூணு நாலு மணி நேரம் திருப்பித் திருப்பி காய வெச்சா கண்ணாடி ஜன்னல் மாதிரி ஒளி ஊடுருவும், விளக்கு பக்கத்துல தொங்க விட்டு பாருங்க. பட்டைத்தூளையும் ஆப்பிள் கூழையும் சேத்து பிசைஞ்சு அச்சு வெட்டறது இன்னொண்ணு, காயற ரெண்டு நாளும் வீடு முழுக்க மணக்கும். ஆனா இதெல்லாம் ஒரு சீசனுக்குன்னே மனச தேத்திக்கிட்டு செய்யுங்க. ஆரஞ்சுல சின்ன ஈரம் மிச்சம் இருந்தா கூட பூசணம், இல்லேன்னா பூச்சி, அந்த பெட்டியில இருக்கிற மத்ததையும் கெடுத்துடும்.

கண்ணாடி உருண்டைய பத்தி கேப்பாங்க. கண்ணாடிய ஊதி பந்து பண்ற தொழில் 1847 வாக்குல ஜெர்மனியில லௌஷாங்கிற ஊர்ல ஆரம்பிச்சது, அது நெருப்பு முன்னாடி உக்காந்து பண்ற வேலை, வீட்ல முடியாது. நாம பண்ணக்கூடியது காலி உருண்டைய வாங்கி உள்ள அக்ரிலிக் பெயிண்ட் கொஞ்சம் ஊத்தி சுழட்டி, வாய கவுத்து மிச்சத்த வடிய விடறது, இல்லேன்னா உள்ள ஏதாவது போட்டு மூடறது. சீக்கிரம் ஆகும், பளபளன்னு இருக்கும், குடுக்க நல்லா இருக்கும். பெயிண்ட் முழுசா வடிஞ்சு காய ரெண்டு மூணு நாள் ஆகும்ங்கிறத மட்டும் மறந்துடாதீங்க, அவசரப்பட்டு மூடினா உள்ள நீராவி கட்டி பெயிண்ட் உரியும். ரெசின்ல (ஊத்தினா கெட்டியாகற பிளாஸ்டிக் திரவம்) செய்யறது இப்ப நிறைய பேர் பண்றாங்க, நான் புதுசா வர்றவங்களுக்கு சொல்லவே மாட்டேன், கையுறை இல்லாம தொட்டா சிலருக்கு தோல் அலர்ஜி வந்து அது வாழ்நாள் முழுக்க நிக்கும், காத்தோட்டம் வேணும், குழந்தை இருக்கிற வீட்ல அந்த தொல்லை எதுக்கு.

ஜிகினா தூள் விஷயத்துலயும் எனக்கு ஒரு கருத்து இருக்கு. அது தரையில, தலைமுடியில, சோத்துல எல்லாம் வரும்ங்கிறது ஒரு பக்கம், சாதாரண ஜிகினாங்கிறது நுண்ணிய பிளாஸ்டிக், கழுவினா நேரா தண்ணியில போகுது. ஐரோப்பிய யூனியன்ல 2023 அக்டோபர்ல இருந்து உதிரியா விக்கற பிளாஸ்டிக் ஜிகினாவுக்கு தடை போட்டாங்க. மினுமினுப்பு வேணும்னா கல்லுப்ப பசை மேல தூவிப்பாருங்க, பனி மாதிரியே மின்னும், ஒரு சீசனுக்கு அது தாராளம்.

விளக்க பத்தி சொல்லாம விட முடியாது. 1882ல எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் நியூயார்க்ல தன் வீட்டு மரத்துல 80 மின்விளக்கு போட்டார், அதுக்கு முன்னாடி எல்லாரும் மரத்துலயே நிஜ மெழுகுவத்திதான் ஏத்தினாங்க. பேப்பர், பஞ்சு, உல்லன், காஞ்ச ஆரஞ்சு எல்லாமே தீ பத்தற சாமான், அதுனால கையால செஞ்ச மரத்துக்கு எல்இடி தவிர வேற எதுவும் வேண்டாம், மெழுகுவத்திய வேற மேசையில வைங்க.

ஆக இன்னைக்கு தேதி டிசம்பர் 22, கையில ரெண்டு சாயங்காலம்தான்னா பேப்பர், யோசிக்கவே வேண்டாம். ஒரு வாரம் இருக்கு, குழந்தைங்க லீவுல இருக்காங்கன்னா சோடா க்ளே, நாலு நாள் முன்னாடி பிசைஞ்சா காயவும் பெயிண்ட் அடிக்கவும் நேரம் சரியா இருக்கும். நவம்பர்லயே ஆரம்பிக்கறவங்களா, வீட்ல தவழற குழந்தையோ பூனையோ இருக்கா, அப்ப ஃபெல்ட். கை அச்சு, கால் அச்சு மாதிரி ஒரு தடவதான் எடுக்க முடியும்ங்கிறதுக்கு மட்டும் காசு பாக்காம நல்ல தானா காயற க்ளே வாங்குங்க, அரை செண்டிமீட்டருக்கு குறையாம தேய்ங்க, ரெண்டா எடுத்து வெச்சுக்கங்க. எதுல செஞ்சாலும் பேரையும் வருஷத்தையும் பின்னாடி போட்டுடுங்க, காஞ்ச பிறகு பேனாவால எழுதினா வார்னிஷ் அடிக்கும்போது மை கலையும், க்ளே ஈரமா இருக்கும்போதே பல்குச்சியால கீறிடணும், ஃபெல்ட்னா ரெண்டு துண்டையும் சேத்து தைக்கறதுக்கு முன்னாடி பின் துண்டுல நூலால போட்டுடணும்.